மல்லிகா டைலர் சொன்ன பதில்

— "…இக்கடிதம் எழுதப்படும்போது உடனிருந்தவர்கள் மூவர். இடம், பாகூர் தபால் நிலையத்துக்கு எதிரே நிறுத்தப்பட்டுள்ள, ரபீக் என்பவரின் வெங்காய வண்டியின் உட்புறம். எழுதுபவராகிய செலியமேடு செல்வகுமாரி, கவிழ்த்துப் போட்ட தக்காளிக் கூடையின் மேல் அமர்ந்திருந்தார். மனுதாரரும் மேற்படி ரபீக்கின் மனைவியுமான ரஹீமா, வெங்காய மூட்டையின் மேல். ரபீக்கின் அக்காள் ஜெஸிமா, பின்பக்கக் கதவை ஒட்டி, தார்ப்பாயை ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி." இதுவரைக்கும் சரியா?

— சரிதான் செல்வகுமாரிக்கா. மூட்டையில இருக்கிறது பெரிய வெங்காயமா சின்ன வெங்காயமான்னுதான் விட்டுப்போச்சி. நாளைக்கு அந்தப் புகார்க் குழுவுல கேட்டா இன்னா சொல்றது?

— கிண்டலா? பாகூர் ஸ்கூல்ல எங்க தமிழ் அய்யா சொல்லிக்குடுத்த முறைடி இது. யாரு இருந்தாங்க, எங்க உக்காந்தாங்க, அப்புறம்தான் விஷயம். இதே முறையில எத்தினி பேருக்கு எழுதிக் குடுத்திருக்கேன். தண்ணி வரலன்னு, பட்டா மாறலன்னு, கரும்பு வெட்ட உத்தரவு வரலன்னு. ஒண்ணுகூட திரும்பி வந்ததில்ல.

— பதிலும் வந்ததில்லன்னு சொல்லுக்கா.

— ஜெஸிமா, நீ தார்ப்பாயப் புடி. அது போதும்.

— புடிச்சிக்கிட்டுதான் இருக்கேன், கை மரத்துப்போச்சி. யா அல்லா, பட்டப்பகல்ல மூணு பொம்பளைங்க வெங்காயத்துக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டு! யாராவது பார்த்தா கடத்திக்கிட்டுப் போறாங்கன்னு நெனைப்பாங்க.

— நம்ம மூஞ்சிக்கு யாரு அண்ணி கடத்துவா? நம்மள எறக்கி வுட்டுட்டு வெங்காயத்தக் கடத்துவான்.

— வேற எங்க உக்காந்து எழுதச் சொல்ற? உங்க வூட்டுல ஜெஸிமா பொண்ணு சபிஹா இருக்கா. எங்க வூட்டுல நாலு பேரு சீரியல் பார்க்கறாங்க. இங்கதான் தோது, ரபீக்க டீக்கடைக்கு அனுப்பியாச்சி, தபால் ஆபீசும் எதுக்கவே இருக்கு. வரிசையா போவோம். ஒண்ணு, வேலை. சொல்லு ரஹீமா.

— கரிக்கலாம்பாக்கத்துல மனை விக்கிற ஆபீஸ். நெல்லு வெளைஞ்ச எடத்துல கல்லு நட்டு விக்கிறாங்க இல்ல, அதுல ரசீது போடுறது, போன் எடுக்குறது. ஞாயித்துக்கிழமை வேன்ல மனை பார்க்க வர்றவங்களுக்கு மாதிரி வூட்டத் தொறந்து காட்டுறது. "சார், இது மாஸ்டர் பெட்ரூம்"னு சொல்லணும். எங்க வூட்டுல ரூமே ஒண்ணுதான். அதுக்கு மாஸ்டர் யாருன்னு இன்னும் முடிவாகல.

— "அலுவலகப் பணியாளராக வேலை பார்த்துவந்தார்." ரெண்டு, ஆபீஸ்ல எத்தினி பேரு?

— பத்துப் பேருக்குக் கம்மி. மல்லிகாவும் மொதல்ல அதத்தான் கேட்டா. பத்துக்குக் கம்மின்னா ஆபீசுக்குள்ள குழு இருக்காது, மாவட்டத்துல ஒரு குழு இருக்கு, அதுக்கு எழுதுங்க, மூணு மாசத்துக்குள்ள எழுதுங்கன்னு சொன்னா. போலீசுக்கும் போகலாம், அது தனின்னா.

— அந்த மூணு மாசம் இன்னியோட முடியுது.

— நமக்கு எது கடைசி நாளுக்கு முன்னாடி நடந்திருக்கு? கரண்டு பில்லும் இப்படித்தான்க்கா.

— மல்லிகா சொன்னா, மல்லிகா கேட்டான்னு அத்தை பொண்ணப் பத்திப் பேசற மாதிரியே பேசறா பாரு. அது மெஷினுடி.

— மெஷின்னு எனக்கும் தெரியும் அண்ணி. டவுன்ல ஒரு டிரஸ்டு நடத்துறாங்க. நம்மள மாதிரி எவன்கிட்டயாவது மாட்டி நொந்தவங்க பேசறதுக்குன்னே வெச்சிருக்காங்க. வாட்சப்புல நாம எழுதினா எழுத்துல பதில் வரும், பேசினா பேச்சுல வரும். இவரு கண்ணுல பட்டா கேப்பாரேன்னு, போன்ல 'மல்லிகா டைலர்'னு பேரு போட்டு வெச்சேன். இவரு பார்த்துட்டு, "இத்தினி மெசேஜ் அனுப்புறியே, அந்தம்மா ஜாக்கெட்ட எப்பத்தான் தெச்சிக் குடுக்கும்"னு கேட்டாரு.

— இத எழுதணுமா?

— வேணாம்க்கா. ஜாக்கெட் வரலன்னா அதுக்கு வேற குழு.

— வூட்டுல நான் ஒருத்தி இருக்கேன். என்கிட்ட சொல்லாம மெஷின்கிட்ட போயி சொல்லியிருக்கா, கேளுக்கா.

— உங்ககிட்ட சொன்னா உங்க மூஞ்சியப் பார்க்கணும் அண்ணி. நீங்களும் பார்ப்பீங்க. அன்னிக்கி மட்டுமா? தெனமும் சோறு போடும்போது பார்ப்பீங்க. மல்லிகாவுக்கு மூஞ்சி இல்ல, அதான் வசதி. மொத நாளு, "நீங்கள் இப்போது பாதுகாப்பான இடத்தில் இருக்கிறீர்களா?"ன்னு கேட்டுச்சி. நான் கக்கூஸ்ல இருந்தேன். யோசிச்சிப் பார்த்தேன், எங்க வூட்டுலயே தாப்பா ஒழுங்கா விழற எடம் அது ஒண்ணுதான். 'ஆம்'னு அமுக்கினேன்.

— செல்வகுமாரிக்கா, சிரிக்காத. சிரிச்சா இன்னும் சொல்லுவா.

— நான் சிரிக்கல, தும்மல்.

— அப்புறம் மூச்சுப் பயிற்சி. "கண்களை மூடி, மெதுவாக மூச்சை உள்ளே இழுங்கள்." நான் நின்னது மீன் மார்க்கெட்டு பின்னாடி. சொன்னாங்களேன்னு இழுத்தேன். பயம் போயிடுச்சி, கொமட்டல் வந்துடுச்சி. அதையும் எழுதினேன். "உங்கள் உணர்வுகள் இயல்பானவை"ன்னுச்சி.

— என் கதைய கேளு. அந்த டிரஸ்டு ஆளுங்க நானும் ஜெஸிமாவும் இருக்கிற சுய உதவிக் குழுவுக்கு வந்து, சும்மா பேசிப் பாருங்கம்மான்னு சொன்னப்போ, நான் அனுப்புநர், பெறுநர், பொருள், தேதி எல்லாம் போட்டு அனுப்பினேன். "நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்?"னு கேட்டுச்சி. "மேற்படி கடிதத்தில் கண்டவாறு"ன்னு பதில் போட்டேன். ஒரு நிமிஷம் அதுவே திணறிப்போச்சி. சரி, மூணு. சம்பவம். இதுக்கு மட்டும் கிண்டல் வேணாம் ரஹீமா.

— கிண்டல் இல்லாம எனக்கு வாய் வராதுக்கா. அத எடுத்துட்டா உள்ள ஒண்ணும் இல்ல, அழுகைதான்.

— அழு. வெங்காய வண்டியிலதான இருக்கோம். யாரு கேக்கப்போறா?

— அன்னிக்கி வேன்ல வந்தவங்க கெளம்பிட்டாங்க. மாதிரி வூட்டப் பூட்டிட்டு சாவிய கொண்டான்னாரு அரிகரன், முதலாளி. பூட்டப் போனேன். பின்னாடியே வந்தாரு. கையப் புடிச்சி அந்த மாஸ்டர் பெட்ரூமுக்குள்ள இழுத்து, கதவச் சாத்திட்டாரு. நல்ல கதவுக்கா அது. நான்தான வர்றவங்களுக்கெல்லாம் தட்டிக் காட்டுவேன், "பாருங்க சார், தேக்கு"ன்னு.

— மெதுவா சொல்லு.

— செவுத்துல சாச்சி… எங்கெங்க கை வெச்சாருன்னு நான் திருப்பிச் சொல்ல மாட்டேன். மல்லிகாகிட்ட ஒரு தடவ எழுதிட்டேன். போன் தோ இருக்கு, அதப் பார்த்து எழுதிக்கோங்க.

— காலையிலயே பார்த்து எழுதிட்டேன். அந்தப் பகுதிய சத்தமா வாசிக்க மாட்டேன், நீ கையெழுத்துப் போடறப்போ மனசுக்குள்ள படிச்சிக்கோ. அப்புறம்?

— கத்தினேன். தொண்டை கிழியற மாதிரி கத்தினேன். பக்கத்து மனையில தளம் போடுறாங்க, கலவை மெஷின் ஓடிக்கிட்டிருக்கு. ஒருத்தருக்கும் கேக்கல. அப்புறம் மணிக்கட்டக் கடிச்சேன், வுட்டுட்டாரு. தாப்பாவத் தொறந்துக்கிட்டு ஓடியாந்தேன். செருப்ப அங்கயே வுட்டுட்டேன். புதுசு.

— நாய் கடிச்சிடுச்சின்னு ஊருக்குள்ள சொல்லிக்கிட்டு, ஆஸ்பத்திரியில ஊசி போட்டுக்கிட்டாராமே அவரு?

— ஊசி போட்டுக்கிட்டது நியாயம்தான்க்கா. எனக்கு அன்னிக்கி வெறிதான் புடிச்சிருந்துச்சி.

— "கடித்த காயத்துக்குச் சிகிச்சை பெற்ற விவரத்தை ஆஸ்பத்திரியில் விசாரிக்கவும்." எழுதிட்டேன். அடுத்தது, இந்த ஆபீஸப் பத்தித் தெரிஞ்ச வேற பொம்பளைங்க யாராவது இருக்காங்களா? ஜெஸிமா, நீ கொஞ்ச நாளு அங்க பிரியாணி போட்டுக் குடுத்த இல்ல?

— மனை பார்க்க வர்றவங்களுக்குப் போட்டுக் குடுத்தேன். அது ஆச்சி ரெண்டு வருஷம். நிறுத்திட்டேன்.

— ஏன்?

— அடுப்பு சூடு ஒத்துக்கல.

— ஒத்துக்கலன்னா போன வாரம் கல்யாணத்துக்கு நாலு டேக்சா பிரியாணி யாரு போட்டதாம்? அண்ணி கைக்கு அடுப்பே பயப்படும். நான் அந்த ஆபீஸ்ல சேரப்போறேன்னு சொன்னப்போகூட, "வேணாம், தூரம்"னு ஒரே பேச்சி. இங்கருந்து கரிக்கலாம்பாக்கம் தூரமாம்!

— தூரம்தான். இப்பவும் சொல்றேன், இந்தக் கடுதாசி வேணாம் ரஹீமா. குழுன்னா கூப்புட்டு கேப்பாங்க. நாலு பேரு உக்காந்திருப்பாங்க, நீ நடுவுல. பேரு வெளிய வரும். சபிஹாவுக்கு வரன் வந்துக்கிட்டிருக்கு. வூட்டுல ஒரு பொம்பளை பேரு வெளிய வந்துச்சின்னா மத்தவங்க பேரும் கூடவே வரும்.

— என் பேரு வெளிய வந்து ரொம்ப நாளாச்சி அண்ணி. ஒலிபெருக்கியிலயே வந்துச்சே.

— நாலு. ஒலிபெருக்கி. எதிராளி இதத்தான் புடிச்சித் தொங்கப் போறான், அதனால வரிசையா, உன் வாயால சொல்லு. யாரு இருந்தாங்க, எங்க உக்காந்திருந்தாங்க.

— செலியமேட்டுல உங்க தெருவுக்கா. நீங்களே பார்த்தீங்களே.

— நான் பார்த்தத எழுத முடியாது. சொல்லு.

— நான் முன்சீட்டுல. வேலைய வுட்டு வூட்டுலயே கெடக்குறேனேன்னு, இவரு வண்டியில கூட்டிக்கிட்டுப் போவாரு. இவரு பின்னாடி தராசுகிட்ட. வண்டியச் சுத்தி பொம்பளைங்க, ஆம்பளைங்க, நாயி. வண்டி மேல ஸ்பீக்கர் குழாய். "வெங்காயம் மூணு கிலோ நூறு, வாங்கம்மா வாங்க"ன்னு இவரு போன்ல பதிஞ்சது ஓடிக்கிட்டிருக்கு. அதுக்கு முந்தின வாரம் இவரு போன்ல சார்ஜு தீந்துபோச்சின்னு என் போன அந்த குழாயோட சேத்து வுட்டிருந்தாரு, ப்ளூடூத்துல. திரும்பப் பிரிச்சி வுடணும்னு அவருக்கும் தெரியல. எனக்கு ப்ளூடூத்துன்னா ஏதோ பல்லு சமாச்சாரம்னுதான் ரொம்ப நாளு நெனப்பு.

— ப்ளூடூத்துன்னா இன்னான்னு குழுவுக்கு ஒரு வரி வெளக்கம் எழுதிடறேன். அப்புறம்?

— காலையில மல்லிகாகிட்ட "புகார் எழுத யாரப் பார்க்கணும்"னு எழுதிக் கேட்டிருந்தேன். பதில் வந்துச்சான்னு பார்த்தா, எழுத்துக்கு பதிலா பேச்சு வந்திருக்கு. நான் எப்பவும் எழுதித்தான கேப்பேன்! சரி, மல்லிகாவுக்கு எழுதி எழுதி கை வலிச்சிடுச்சி போலன்னு காதுல வெச்சிக்கிட்டு அமுக்கினேன். காதுல ஒண்ணும் கேக்கல. தலைக்கு மேல கேட்டுச்சி.

— என்ன கேட்டுச்சி? அப்படியே சொல்லு, மேற்கோள் குறிக்குள்ள போடணும்.

— "வெங்காயம் மூணு கிலோ"ன்னு வந்துட்டு நின்னுபோச்சி. அப்புறம், "அவர் உங்களைத் தொட்டது உங்கள் தவறு அல்ல. அன்று நீங்கள் கத்தாமல் இருந்ததும் உங்கள் தவறு அல்ல. பயத்தில் உடம்பு உறைந்து போவது பலருக்கும் நேர்வது. இத்தனை காலம் கழித்துச் சொல்கிறீர்கள் என்பதால் அது பொய்யாகிவிடாது. நான் உங்களை நம்புகிறேன்." தெருவே வெங்காயத்தக் கையில வெச்சிக்கிட்டு நின்னுச்சி. நான் போன அமுக்குறேன், நிக்கல. சீட்டுக்கு அடியில போட்டு மேல உக்காந்தேன். குழாய் மேல இருக்கு, போன் மேல உக்காந்து இன்னா பிரயோஜனம்? உங்க தெரு சின்னப்பிள்ள மாமாதான் மொதல்ல வாயத் தொறந்தாரு. "நம்புறதெல்லாம் சரிம்மா, நாலு கிலோவா எடுத்தா இன்னா வெல?"ன்னு.

— எம்மா…

— இவரு தராச எடுத்து வெச்சிட்டு வண்டியத் திருப்பிட்டாரு. வூட்டு வாசல்ல நிறுத்திட்டு, "எந்த நாய்டி அது"ன்னாரு. சொன்னேன். அழுதாரு. அப்புறம், "இனிமே அந்த டைலர் அம்மாகிட்ட பேசறதா இருந்தா ப்ளூடூத்த அணைச்சிட்டுப் பேசு"ன்னாரு.

— ரபீக் தங்கமான பிள்ள.

— தங்கந்தான், வியாபாரம்தான் படுத்துடுச்சி. அதுலருந்து செலியமேட்டுக்குப் போனா, தெனமும் எவளாவது ஒருத்தி வண்டிகிட்ட வந்து, "வெங்காயம் வேணாம்பா, அன்னிக்கி பேசுச்சே ஒரு அம்மா, அது நம்பர் மட்டும் குடு"ங்கிறா. இவரும் எழுதிக் குடுத்துட்டு வர்றாரு. வெங்காயம் மொளைச்சிப்போச்சி.

— வண்டிய வுடு. இப்ப சிக்கல் இன்னான்னு சொல்றேன், ரெண்டு பேரும் கேளுங்க. தெருவே கேட்டது, "நீங்கள் கத்தாமல் இருந்தது." இந்தக் கடுதாசியில நாம எழுதியிருக்கிறது, "தொண்டை கிழியக் கத்தினார்." அரிகரன் இதுக்குள்ள ஆள வுட்டுச் சொல்லிட்டான் இல்ல, "கத்தலன்னு உன் வண்டியே ஊரெல்லாம் சொல்லிச்சி, கத்தாதவளுக்கு இன்னா கேசு"ன்னு? கத்தினேன்னு எழுதினா, பொய்க்காரின்னு தெருவையே சாட்சிக்குக் கூட்டிக்கிட்டு வருவான். கத்தலன்னு எழுதினா, பார்த்தியா அவளுக்கும் சம்மதம்தான்னுவான்.

— மல்லிகா வேற எவளுக்கோ சொல்ல வேண்டியத எனக்கு அனுப்பியிருக்கும்க்கா. தபால்காரரு எதுத்த வூட்டுக் கடுதாசிய நம்ம வூட்டுல போடறதில்ல?

— நானும் அப்படித்தான் நெனச்சேன். டிரஸ்டுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். ஒரு பொண்ணு எடுத்து, பார்த்துச் சொன்னா. "பதில் மாறிப் போகலம்மா. அன்னிக்கி காலையில அந்த நம்பர்லருந்து பேச்சுல ஒரு கேள்வி வந்திருக்கு, அதுக்குத்தான் பேச்சுல பதில் போயிருக்கு. டவர் இல்லாததால லேட்டா சேர்ந்திருக்கும். கேள்வி இன்னான்னு உங்களுக்குச் சொல்ல மாட்டோம், அது கேட்டவங்களோட ரகசியம்"னுட்டா.

— கேட்டவ நான்தான! எனக்கே சொல்லக் கூடாத ரகசியமா?

— உன் போன்ல அந்தக் கேள்வி இல்ல. அழிச்சிருக்கு.

— நான் அழிக்கலக்கா. நான் பேசவே இல்ல.

— உன்ன நம்பறேன். குழு கேட்டா இன்னா சொல்றதுன்னுதான் தெரியல. அதான் இங்க நாலு வரி எடம் வுட்டு வெச்சிருக்கேன், பாரு. இந்த எடத்த நெரப்பாம ஒட்ட முடியாது.

— "மெஷினுக்குப் புத்தி கெட்டுப்போச்சி"ன்னு எழுதுங்க.

— அப்ப அது சொன்ன சட்டமும் தப்பான்னு கேப்பாங்க.

— "மனுதாரருக்குப் புத்தி கெட்டுப்போச்சி"ன்னு எழுதுங்க. அதுல யாருக்கும் சந்தேகம் வராது.

— ரஹீமா.

— இல்லக்கா, நெசமாத்தான் சொல்றேன். ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன். தூக்கத்துல எழுந்து நானே பேசிட்டு, நானே அழிச்சிட்டேனோ? நான் கத்தினேன்னு எனக்கு நெனப்பு இருக்கு. ஆனா ஒருத்தருக்குமே கேக்கலியே. என் காதுக்கே கலவை மெஷின் சத்தம்தான் ஞாபகம் இருக்கு. வாயத் தொறந்தேன், சத்தம் வரலியோ என்னமோ. கடிச்சது இருக்கு, அவரு கையில தழும்பே இருக்கு. ஒரே வாயில கடிக்கவும் செஞ்சி கத்தவும் செய்ய முடியுமா? ஊரே கத்தலன்னு சொல்லுது, என் கூட்டாளி மல்லிகாவும் கத்தலங்கிறா. நான் ஒருத்தி மட்டும் கத்தினேன்னு எதுக்கு நிக்கணும்? அடிச்சிட்டு எழுதிடுங்கக்கா, "கத்தவில்லை"ன்னு. நம்ம மூஞ்சிக்கு அது போதும்.

— அடிக்கச் சொல்றியா? யோசிச்சிச் சொல்லு.

— அடிச்சிடுங்க. நாலு மணி தாண்டிடுச்சி. சீக்கிரம் ஒட்டிட்டு வூட்டுக்குப் போயி படுத்தாப் போதும்னு இருக்கு.

— அடிக்காதக்கா.

— ஜெஸிமா, நீதான் இவ்ளோ நேரமா கடுதாசியே வேணாம்னுக்கிட்டு இருந்த?

— அவ கத்தினா. அத அடிக்காத.

— உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணி? நீங்க அங்க இல்லியே.

— அன்னிக்கி வூட்டுக்கு வந்தப்போ உனக்குப் பேச்சே எழும்பலடி. தண்ணி கேட்டியே, கோழி கொத்தின மாதிரி கேட்டுச்சி. சளியான்னு கேட்டேன், தலையாட்டின. ரெண்டு நாளு உனக்கு உப்புத் தண்ணி வெச்சிக் குடுத்தவ நான்தான். சளிக்கு தொண்டை அப்படிக் கட்டாது. கத்தினவளுக்குத்தான் கட்டும். கத்தாதவளுக்கு ஒண்ணும் ஆவாது. மறுநாளும் குரலு நல்லாத்தான் இருக்கும். வூட்டுக்கு வந்து எல்லாருக்கும் பதில் சொல்லிக்கிட்டு, பாத்திரம் வெளக்கிக்கிட்டு இருக்கலாம்.

— "தொண்டை கட்டியதை நாத்தனார் ஜெஸிமா நேரில் கண்டார்." இது நல்ல சாட்சி. இது போதும்னு நெனைக்கிறேன்.

— போதாதுக்கா. அந்த நாலு வரி எடம் அப்படியேதான இருக்கு. எழுது, நான் சொல்றேன். "அன்று ஒலிபெருக்கியில் வந்த பதில், ரஹீமாவுக்கு வந்தது அல்ல."

— அதத்தான் அவளும் சொல்றா. யாருக்கு வந்ததுன்னு எழுதணுமே.

— எழுதிக்கிட்டே வா. "அன்று விடிகாலையில் ரஹீமா குளிக்கப் போனபோது, அவளுடைய போனை எடுத்து, அந்த மெஷினிடம் இன்னொருத்தி பேசினாள். அவளுக்கு எழுதத் தெரியாது, அதனால் பேசினாள். அவளுக்கு நடந்ததும் அதே ஆபீஸ், அதே ஆள், இரண்டு வருடத்துக்கு முன்பு. அப்போது அந்த வீடு கட்டவில்லை, ஷெட்தான் இருந்தது."

— அண்ணி.

— நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோடி. "பேசியதை அழித்துவிட்டாள். பதில் பின்னால் வந்து சேரும் என்று அவளுக்குத் தெரியாது. வராததைப் பார்த்து, மெஷினும் நம்பவில்லை போல என்று நினைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் ஊரே சிரித்தபோதுதான், பதில் வந்ததே அவளுக்குத் தெரிந்தது."

— ஜெஸிமா, எனக்குக் கை ஓடல.

— ஓட்டுக்கா. அஞ்சு மணிக்கு தபால் ஆபீஸ் ஷட்டர எறக்கிடுவான். "அவள் கத்தவில்லை." அதையும் எழுது. அது அவளோடது, ரஹீமாவோடது இல்ல. ரஹீமா கத்தினா.

— எழுதிட்டேன். ஆனா குழு பேரு கேக்கும்மா. சபிஹாவுக்கு வரன் பார்க்குற நேரம். "இன்னொருத்தி"ன்னு மட்டும் வுட்டு, இப்படியே ஒட்டிடவா?

— ஒட்டிடுங்கக்கா. அண்ணி, போதும் அண்ணி. நான் கத்தினேன்னே சொல்லிக்கிறேன், எவன் வேணா சிரிக்கட்டும். நீங்க வேணாம்.

— பேனாவ இங்க குடுக்கா. எழுதத்தான் தெரியாது, கையெழுத்துப் போடுவேன். எங்க போடணும், ரஹீமா பேருக்குக் கீழயா?

— பக்கத்துலயே எடம் இருக்கு, ஜெஸிமா. தோ, இங்க.

— ம். இப்ப ஒட்டு. நல்லா அழுத்தி ஒட்டுக்கா. ரபீக்கக் கூப்புடாதீங்க ரெண்டு பேரும். தார்ப்பாயத் தூக்குங்க, நானே எறங்கிப் போயி போட்டுட்டு வரேன்.